வேட்டை என்ற ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வேட்டைக்காரர் என்றதும் உங்கள் மனதில் யார் வருகிறார்? தோளில் துப்பாக்கியோடு ஒருவர் வருவார். பலருக்கு நரிக்குறவர் ஒருவர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து கூண்டுக்கிளிக்குக் கொய்யாப்பழம் ஊட்டுகிற நம் வீட்டுத் தாத்தா வரவே மாட்டார். ஆனால் சட்டத்தின் பிடிக்குள் அவரும் இருக்கிறார்.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டிய இடம் அது. சுடுவது மட்டும் வேட்டையல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, காயப்படுத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதும் வேட்டைதான். பறவை முட்டையை எடுத்தாலும் கூட்டைக் கலைத்தாலும் வேட்டைதான். மொட்டைப் பனையின் பொந்தில் கைவிட்டு எடுத்த குஞ்சுதான் சந்தைக்கு வந்து, நம் வீட்டுக் கூண்டுக்கு வருகிறது. பச்சைக்கிளியை வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். ஆசையாக வளர்க்கிறோம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கிளிக்கு அதனால் என்ன கிடைத்தது?

நம் ஊருக்கு இது புதிய விஷயமும் அல்ல. காட்டு யானைகளைக் காக்க 1873-லேயே சென்னை மாகாணம் சட்டம் போட்டது. 1972 சட்டத்திலும் முதலில் உரிமம் வாங்கிச் சில விலங்குகளைச் சுட இடம் இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை அடைத்தது.

சரி, இன்று காட்டில் எது கொல்கிறது? துப்பாக்கியைவிட எனக்கு அதிகம் பயம் தருவது சுருக்குக் கம்பிதான். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். கம்பிக்கு ஆள் தெரியாது. அவுட்டுக்காய் இன்னும் கொடுமை. தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் பன்றிக்குப் போடுகிறார்கள். அதை யானை கடித்தால் வாய் சிதைந்துவிடும். தின்னவும் முடியாமல் தண்ணீர் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும். கோவைக் காடுகளில் இப்படி யானைகள் செத்திருக்கின்றன. பன்றியால் பயிரை இழந்த விவசாயியின் கோபம் நியாயமானது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் அனுமதி கொடுக்கவும், தற்காப்புக்காகத் தாக்கியவரைத் தண்டிக்காமல் விடவும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவுட்டுக்காய்க்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

இப்போது அந்த நரிக்குறவரிடம் வருகிறேன். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்தவர்கள். தடை வந்தது, தொழில் போனது. பேருந்து நிலையத்தில் ஊசிமணி, பாசிமணி விற்க வந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆனது. தடை சரிதான். ஆனால் மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமல் தடை போட்டது பெரிய தவறு என்றுதான் சொல்வேன்.

வழி இருந்தது என்பதற்கு இருளர்களே சாட்சி. சாரைப்பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றவர்கள் அவர்கள். 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அடுப்பு அணைந்தது. 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அதை வைத்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கையும் அரசு அனுமதியோடு பிடிக்கிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சங்கத்தில் ஒரு பாம்பைச் சில வாரம்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் அடிவயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டி, கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுவார்கள். பின்னால் அதே பாம்பு கையில் கிடைத்தால், திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு நடப்பார்கள்.