அப்பா கருமாதிக்கு 320 ஜோடி

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பழைய ரோம்ல ஆம்பிதியேட்டர், அதாவது சுத்தி உக்காந்து சண்டை பாக்குற அரங்கம், இருந்தது மக்களோட பொழுதுபோக்குக்கா இல்ல ஆட்சி பண்ணினவங்களோட அரசியலுக்கா, இதான் தலைப்பு. நான் அரசியலுக்குத்தான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா, ஃப்ரீ என்ட்ரி, தலைக்கு மேல பந்தல், 100 நாள் திருவிழா, இதுக்கு மேல மக்களுக்கு என்னய்யா செய்யணும்னு கேட்டு கைதட்டு வாங்கிட்டுப் போய்ட்டாங்க. அக்கா, ஒருத்தன் ஓசியில கூப்பிட்டு உக்கார வெச்சா முதல்ல எதுக்குடான்னு கேக்கணுமா இல்லையா?

கிளாடியேட்டர் சண்டை, அதாவது ஆளும் ஆளும் ஆயுதத்தோட மோதுறது, ரோமுக்குள்ள வந்ததே சாவு வீட்டுச் சடங்காத்தான். கிமு 264ல ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு மகனுங்க 3 ஜோடியை மாட்டுச் சந்தையில மோத விட்டாங்க, அவ்ளோதான். அப்புறம் கிமு 65ல ஜூலியஸ் சீசர் வர்றார், அப்பா நினைவா சண்டை வைக்கிறார், 320 ஜோடி, வெள்ளிக் கவசம் வேற! அப்பா செத்து எத்தனை வருஷம் தெரியுமா நடுவரே? 20 வருஷம். அத்தனை நாள் தூங்கின பாசம் அன்னிக்கு ஏன் பொங்குச்சுன்னா, ஐயா அப்போ ஊர் பராமரிப்பு, விழா எல்லாம் பாக்குற ஏடில்ங்கிற பதவியில இருக்கார், அடுத்த படி ஏறணும், ஓட்டு வேணும். அவர் இன்னும் நிறைய ஆளை இறக்கப் பாத்து, பெரிய மனுஷங்க சபையான செனட்டே மிரண்டு போய் இத்தனை பேருக்கு மேல கூடாதுன்னு வரம்பு போட்டுச்சு. அடுத்த ரெண்டாவது வருஷம் சிசரோங்கிற அரசியல் தலைவர் சட்டமே கொண்டு வந்தார், தேர்தல்ல நிக்கப் போறவன் அதுக்கு முந்தின 2 வருஷம் இஷ்டத்துக்கு கிளாடியேட்டர் ஷோ நடத்தக் கூடாதுன்னு. வெறும் பொழுதுபோக்குக்கு எதுக்குங்க தேர்தல் சட்டம்?

சரி, அக்கா ஆசையா சொன்ன கொலோசியத்துக்கே, ரோமோட பெரிய ஆம்பிதியேட்டருக்கே வர்றேன். பேரரசர் நீரோ தன் அரண்மனைக்குன்னு வெட்டின ஏரி இருந்த இடம் அது. பின்னாடி பேரரசரான வெஸ்பாசியன் அதை வத்த வெச்சு அங்கயே கட்டினார், அவன் வளைச்சுப் போட்டதை நான் உங்களுக்கே குடுத்துட்டேன் பாருங்கன்னு ஊருக்கே காட்ட. காசு? ஜெருசலேம்ல அடிச்ச கொள்ளை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! கிபி 80ல மகன் டைட்டஸ் திறந்து வெச்சார். இன்ஜினியரிங்கை நான் குறை சொல்லல, சுத்தி 80 வளைவு, நம்பர் போட்ட வாசல், பந்தலை இழுத்துக் கட்ட கடற்படை ஆளுங்க, இன்னிக்கும் வாயைப் பொளக்கலாம். ஆனா அக்கா, உங்களை எங்க உக்கார வெச்சிருப்பாங்க தெரியுமா? செனட்டர் முன்வரிசையில, வெஸ்டா கோயில் கன்னிகள் மாதிரி சிலரைத் தவிர பொம்பளைங்க எல்லாம் ஏழைகளோட உச்சாணியில. யாரு எந்தத் தட்டுன்னு ஊருக்கே வரைஞ்சு காட்டின படம்யா அது.

பேரரசர் டொமிஷியன் காலத்துல ஒரு குடும்பஸ்தன், இந்த திரேசிய பாணி கிளாடியேட்டர் எதிராளிக்கு ஈடு குடுப்பான், ஷோ நடத்துறவருக்குத்தான் ஈடு குடுக்க முடியாதுன்னு வாய் விட்டுட்டான். நடத்துறவர் அந்தப் பேரரசரேதான். சீட்ல இருந்து இழுத்து நாய்களுக்குப் போட்டுட்டாங்கன்னு ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதி வெச்சிருக்கார். பொழுதுபோக்கு!

மக்கள் ரசிக்கவே இல்லைனு நான் சொல்லல. பாம்பேயிங்கிற ரோமானிய ஊர்ச் சுவத்துல செலாடஸ்னு ஒரு வீரன் பொண்ணுங்களைப் பெருமூச்சு விட வைக்கிறவன்னு கிறுக்கி வெச்சிருக்காங்க, ரசிகர் மன்றம் ரேஞ்சுக்கு. ஆனா அதே ஊர் ஆம்பிதியேட்டர்ல கிபி 59ல பக்கத்து ஊர் நுசேரியாக்காரங்களோட கிண்டல்ல ஆரம்பிச்சு கல்லு, அப்புறம் கத்தின்னு போய் பொணம் விழுந்துச்சு. செனட் 10 வருஷம் ஷோவுக்குத் தடை போட்டுச்சு, கூடவே அனுமதியில்லாத சங்கங்களையும் கலைச்சுச்சு. அன்னிக்கு ஷோ நடத்தினவர் யாரு? லிவினியஸ் ரெகுலஸ், செனட்ல இருந்து ஏற்கனவே துரத்தப்பட்ட ஆளு, கலவரத்துக்கு அப்புறம் நாட்டை விட்டே துரத்திட்டாங்க. பதவி போன மனுஷன் எதுக்கு ஒரு சின்ன ஊர்ல வந்து கூட்டம் கூட்டுறார்? அடுத்து வர்ற எதிரணி அண்ணன் இதுக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு அப்புறமா ஃப்ரீ என்ட்ரி பத்திப் பேசட்டும்.