உறங்கும் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். உறைபனி விழும் குளிர்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய தோட்டத்தை எப்படிப் பேணுவது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இலையுதிர்ந்து நிற்கும் மரத்தைப் பார்ப்பவர்கள், அதற்குள் எதுவும் நடக்கவில்லை என்றே எண்ணுவார்கள். ஆனால் பகற்பொழுது சுருங்கத் தொடங்கும்போதே மரம் தன்னிடமுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றி, உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரைக் குறைத்து, பனிக்கட்டி உண்டானாலும் அது உயிரணுவுக்கு வெளியிலேயே உண்டாகும்படி தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்கிறது. அதன் பிறகு அது குளிரைக் கணக்கிடத் தொடங்குகிறது. பல ஆப்பிள் வகைகளுக்கு, ஏழு பாகை செல்சியசுக்குக் குறைவான குளிர் ஏறத்தாழ 800 முதல் 1000 மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விரியும். ஆகவே, குளிர்காலத்தில் நாம் செய்யும் எந்த வேலையும் இந்த உறக்கத்தைக் கலைக்காததாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உரமிடுவதை நான் முழுவதுமாக நிறுத்திவிடுவதும் இதனால்தான். தவறான வேளையில் கிளம்பும் தளிர் அடுத்த உறைபனியிலேயே கருகிவிடும்.

முதலில் மூடாக்கு. செடிக்குச் சூடு தருவதற்காகவே மூடாக்கு இடுகிறோம் என்று எண்ணி, முதல் குளிர்க்காற்று வீசியவுடனே பலர் இலைச்சருகைக் குவித்துவிடுகிறார்கள். உண்மையில் வேரூன்றிய செடியை இடைவிடாத குளிர் அவ்வளவாக வாட்டுவதில்லை; பகலில் இளகி இரவில் உறையும் மாற்றம்தான் வாட்டுகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிகிறது. அவ்வாறு ஈரமண் மீண்டும் மீண்டும் உப்பி அடங்குகையில், மேலோட்டமாக வேர்விட்ட இளஞ்செடிகள் மண்ணிலிருந்து மெல்ல வெளியே தள்ளப்பட்டு, வேர் காற்றில் காய்ந்து போகின்றன. அந்த மாற்றத்தைத் தணிப்பதே மூடாக்கின் பணி. எனவே மண் ஒருமுறை நன்றாக உறைந்த பின்னரே, ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகையோ வைக்கோலையோ பரப்புங்கள். மரத்தடியை ஒட்டிக் குவிக்க வேண்டாம். ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் பட்டை அழுகும், எலிகளும் அங்கே ஒளிந்திருந்து அதைக் கறும்பும். வெளியே தள்ளப்பட்ட செடியைக் கண்டால், மண் இளகியிருக்கும் நேரத்தில் கையால் அழுத்தி அமர்த்திவிட்டால் போதும்.

அடுத்தது கவாத்து. குளிர்கால வேலைகளில் நான் மிகவும் விரும்புவது இதையே, ஏனெனில் ஆண்டில் இந்தச் சில வாரங்களில் மட்டுமே மரத்தின் முழு அமைப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. கத்தரியை எடுப்பதற்கு முன் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, பட்டுப்போன கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளைகள் ஆகியவற்றை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஆப்பிளையும் பேரியையும் கடுங்குளிர் தணியும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் வெட்டலாம். பிளம், செர்ரி ஆகியவற்றை இப்போது தொடவே கூடாது. குளிர்ந்த ஈரக்காற்றில் பரவும் ஒரு பூஞ்சை புதிய வெட்டுக்காயத்தின் வழியாக நுழைந்து இலைகளை வெள்ளி நிறமாக்கி மரத்தையே கொன்றுவிடக்கூடும் என்பதால், அவற்றைக் கோடையில் கவாத்து செய்வதே நல்லது. வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் லைலாக் போன்ற புதர்கள் சென்ற கோடையிலேயே மொட்டுக் கட்டிவிட்டிருக்கும். இதை அறியாமல் ஒரு குளிர்காலத்தில் நான் லைலாக்கை அழகாகக் கத்தரித்துவிட்டு, அந்த வசந்தம் முழுவதும் ஒரு பூவும் காணாமல் வருந்தியிருக்கிறேன்.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே பருத்த ஒரு வளையம் இருக்கும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர் ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை என்றும், அழுகலைச் சுவர் எழுப்புவதுபோலத் தடுத்து மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்றும் விளக்கினார். அந்தத் தடுப்பு உருவாவதற்கு வளையம் மிகவும் வேண்டியது. எனவே வளையத்தைச் சிதைக்காமல், நீண்ட கட்டையையும் விடாமல், அதன் வெளி விளிம்பில் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் பெயின்ட் பூச வேண்டியதில்லை. கனத்த கிளையானால், முதலில் சற்றுத் தள்ளி அடிப்புறத்தில் ஓர் அரைவெட்டு, பிறகு அதற்குச் சிறிது வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியில் வளையத்தருகே ஒரு வெட்டு என மூன்றாக வெட்டினால், விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாது. ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கழிக்கவும் வேண்டாம். பேராசையோடு வெட்டினால் கோடையில் மரம் முழுவதும் நீர்ப்போத்துகளே, அதாவது செங்குத்தாக நீளும் பயனற்ற கிளைகளே, நிமிர்ந்து நிற்கும்.

தண்ணீரைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள். குழாயையும் ரப்பர் ஓஸையும் வடித்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் செடிகள் குளிரிலும் இலை வழியாக நீரை இழப்பதால், மண் உறைவதற்கு முன்பே அவற்றின் அடியை நன்றாக நனைத்து வையுங்கள். உறைந்த புல்தரையில் நடக்காதீர்கள். மிதித்த இடத்தில் புல்லின் உயிரணுக்கள் நொறுங்கி, அடிச்சுவடுகள் பழுப்பாகத் தெரியும்.

காய்ந்த பூந்தண்டுகளை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்யும் ஆவலையும் அடக்கிக்கொள்ள வேண்டுகிறேன். உள்ளீடற்ற அந்தத் தண்டுகளில் தனித்து வாழும் சிறு தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நோய் கண்ட தண்டுகளையும் கிளையிலேயே சுருங்கித் தொங்கும் அழுகிய பழங்களையும் மட்டும் அகற்றுங்கள். பாதையை மறைப்பதால் வெட்டியே ஆக வேண்டிய தண்டுகளைக் கட்டாகக் கட்டி, நனையாத வேலியோரத்தில் சாய்த்து வையுங்கள். வெயில் ஏறி நாட்கள் தொடர்ந்து இதமாகும்போது தேனீக்கள் ஒவ்வொன்றாக அவற்றிலிருந்து வெளியேறத் தொடங்கும். அதுவரை அந்தக் கட்டு அங்கேயே இருக்கட்டும்.