இறால் ஓடும் மீனின் சிவப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த வண்ணமீன் கடைக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்: "அண்ணே, வாங்கிப் போன அன்றைக்கு ரத்தச் சிவப்பாக இருந்தது. மூன்றே மாதத்தில் வெளுத்துவிட்டது. நிறம் ஏற்றும் தீனி இருக்கிறதாமே, போட்டால் சரியாகிவிடுமா?" கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார். அதன்மேல் அச்சடித்திருக்கும் மீன் அடுப்புத் தணல் போல ஜொலிக்கும்.

அந்தப் பகுதியில் மொட்டை மாடியில் தொட்டி வைத்து 26 ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், என்னிடமும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சரியாகும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த மீனின் பிறப்பிலேயே சிவப்பு இருக்க வேண்டும். இல்லாத நிறத்தை எந்தத் தீனியாலும் கொண்டுவர முடியாது. இதை இன்றைக்கு இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடுப்படிக்குப் போவோம். இறால் உரிக்கிறவர்களுக்குத் தெரியும், பச்சை இறால் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம். சட்டியில் விழுந்த சற்று நேரத்தில் சிவந்துவிடுகிறது. மிளகாய்த் தூள் போடும் முன்பே சிவக்கிறது. அந்தச் சிவப்பு இறாலுக்குள் முன்பே இருந்ததுதான். ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருந்தது, சூடு பட்டதும் விட்டுவிட்டது. அந்த நிறமிக்கு அஸ்டாசாந்தின் என்று பெயர். காரட்டின் ஆரஞ்சு, செண்டுமல்லியின் மஞ்சள், எல்லாம் ஒரே குடும்பம், கரோட்டினாய்டு என்பார்கள்.

தங்கமீனின் சிவப்பும் இந்தக் குடும்பம்தான். இந்த நிறமிகளை மீனின் உடம்பு தானாகத் தயாரிக்காது. வாய் வழியாக உள்ளே போக வேண்டும். குளத்து மீனுக்குப் பாசியிலும் தண்ணீர்ப் பூச்சியிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. கண்ணாடித் தொட்டி மீனுக்கு நாம் போடுவதுதான் கதி. வெறும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தின்று வளரும் மீனுக்கு உடம்பு தேறும், சிவப்பு தேறாது. முட்டையில் இதைத் தினமும் பார்க்கிறோம். வெளியில் மேய்ந்து பச்சையைக் கொத்தித் தின்ற நாட்டுக்கோழியின் மஞ்சள் கருவுக்கு ஓர் அடர்த்தி இருக்கும். பண்ணைக் கோழிக்கு அதே அடர்த்தி வருவதற்குத் தீவனத்தில் செண்டுமல்லிச் சாற்றைச் சேர்க்கிறார்கள். பண்ணையில் வளரும் சால்மன் மீனுக்கும் தீவனத்தில் நிறமி சேர்த்தால்தான் சதை சிவக்கும். சேர்க்காவிட்டால் சாம்பல் படிந்த வெள்ளையாக இருக்கும்.

இனி என் மாடிக்கு வாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்குக் கண் திறந்தது அங்கேதான்.

வாள்வால் மீன் தெரியும் அல்லவா? முட்டையிடாமல் குட்டி போடும் இனம். ஆணுக்கு வால் அடியில் கத்தி போல நீண்டிருக்கும். சிவப்பு வாள்வாலில் ஒரே வயதுக் குஞ்சுகள் 90 எடுத்து, முப்பது முப்பதாக மூன்று தொட்டிகளில் விட்டேன். முதல் தொட்டிக்குத் தவிடு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் சேர்த்துப் பிசைந்த சாதாரணத் தீனி. இரண்டாவதற்கு அதே தீனியோடு இறால் ஓட்டுத் தூளும் செண்டுமல்லி இதழ்த் தூளும். இறால் ஓட்டை அம்மா சேர்த்து வைத்துக் கொடுப்பார். கழுவி, நிழலில் முறத்தில் பரப்பி, காக்கை தூக்காமல் மேலே வலை போட்டுக் காயவைப்போம். நொறுங்கும் பதம் வந்ததும் உரலில் இடித்துச் சலித்தால் இளஞ்சிவப்பில் ஒரு மாவு கிடைக்கும். அந்த வாசனை இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. வெயிலில் காயவைக்கக் கூடாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் காற்றும் சூடும் இந்த நிறமியைத் தின்றுவிடும்.

மூன்றாவது தொட்டிக்கும் சாதாரணத் தீனிதான். ஆனால் முதல் இரண்டும் வெளிர்நீலத் தொட்டிகள். மூன்றாவதற்கு அதே போல் தொட்டி கிடைக்காமல், பழைய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து வைத்தேன். பாசி வளர்ந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று மூன்றையும் கூரைக்கு அடியில் வைத்து, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்தேன்.

எட்டு வாரம் ஆயிற்று. எங்கள் தெருவில் என்னைவிட அனுபவசாலியான பெரியவர் ஒருவர் உண்டு. எதுவும் சொல்லாமல் மாடிக்கு அழைத்துப் போய், "எதற்கு நிறத் தீனி போட்டிருக்கிறேன், சொல்லுங்கள்" என்றேன். மூன்றையும் குனிந்து பார்த்துவிட்டு, யோசிக்காமல் கறுப்புத் தொட்டியைக் காட்டினார். "இதற்குத்தான் தம்பி. என்ன சிவப்பு பார்!"

எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்குச் சாதாரணத் தீனியைத் தவிர ஒன்றுமே போடவில்லையே!

பிறகு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் மூன்று தடுப்பு வைத்து, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஐந்து மீனை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விட்டோம். அப்போதும் கறுப்புத் தொட்டி மீன்தான் சிவப்பு. தேநீர் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அது முதல் தொட்டி மீனைப் போலவே வெளிறி நிற்கிறது. இறால் ஓடு தின்ற மீன் மட்டும் கொடுத்த சிவப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது. பெரியவர் வெகுநேரம் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

நடந்தது இதுதான். மீனின் தோலில் நிறத்தை வைத்திருக்கும் உயிரணுக்கள் உண்டு. அவற்றுக்குள் நிறமி துகள் துகளாக இருக்கும். அடியும் சுவரும் கறுப்பாக இருந்தால் அந்தத் துகள்கள் குடை விரிவது போலப் பரவும், மீன் அடர்ந்து தெரியும். வெள்ளையாக இருந்தால் நடுவில் சுருங்கிக்கொள்ளும், மீன் வெளுக்கும். தீனி நிறமியின் இருப்பை ஏற்றுகிறது; இருக்கிற இருப்பில் எவ்வளவு வெளியே காட்டுவது என்பதைத் தொட்டி தீர்மானிக்கிறது. ஆகவே மீன் வெளுத்தால் உடனே டப்பா வாங்க ஓடாதீர்கள். வெள்ளைக் கல் போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் கறுப்பு மணல் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கெட்டுப்போய் மீன் தவித்தாலும் வெளுக்கும். கடையில் இளஞ்சிவப்பு விளக்கின் அடியில் பார்த்த மீனை வீட்டு வெள்ளை விளக்கில் பார்த்தாலும் ஏமாற்றம்தான் வரும்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டாவது தொட்டியின் 30 மீன்களில் ஆறேழு கடைசி வரை ஆரஞ்சைத் தாண்டவே இல்லை. தின்றது ஒரே தீனி, இருந்தது ஒரே தண்ணீர். அவற்றின் பிறப்பு அவ்வளவுதான். முன்பே சொன்னேன், பிறப்பில் இருக்க வேண்டும்.

நீலத்துக்கு வருவோம். நியான் டெட்ரா என்ற மீனின் நீலக் கோட்டை அதிகமாக்கும் என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மயில் தோகையை அம்மியில் வைத்து அரைத்துப் பாருங்கள், நீலச் சாயம் வராது. பழுப்புத் தூள்தான் மிஞ்சும். தோகையின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. நியான் டெட்ராவின் தோலில் மெல்லிய படிகத் தகடுகள் அதே வேலையைச் செய்கின்றன. கறுப்பை மீனின் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். கப்பி மீனின் ஆரஞ்சுப் புள்ளியிலும் ஒரு பங்கு அதன் சொந்தத் தயாரிப்புதான். ஆக, தீனிக்கு வேலை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றில்தான்.

ஸ்பைருலினா என்ற பாசி சேர்த்த தீனி வாங்கினால் தங்கமீனுக்கும் கோய் கெண்டைக்கும் நல்ல பலன் உண்டு. அந்தப் பாசியில் உள்ள மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றிக்கொள்ளும் திறமை அவற்றுக்கு இருக்கிறது. எல்லா மீனுக்கும் அது கிடையாது. மற்றவற்றுக்கு இறால் வகைத் தீனிதான் நேர்வழி. எதுவானாலும் ஆறு வாரமாவது பொறுங்கள், நிறுத்தினால் மெல்ல மெல்ல மங்கும். அளவு மீறவும் கூடாது. சிவப்பும் வெள்ளையும் கலந்த கோய் கெண்டைக்கு நிறத் தீனியை அள்ளிப் போட்டால் வெள்ளைப் பகுதி மஞ்சளடித்து அழகே போய்விடும். டப்பா சிறியதாக வாங்குங்கள், இறுக மூடி இருட்டான இடத்தில் வையுங்கள். ஓராண்டு திறந்து கிடந்த டப்பாவில் தீனி இருக்கும், நிறமி இருக்காது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். முக்கியமான ஒன்றைக் கடைசிக்கு வைத்துவிட்டேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தீனியில் ஆண் ஹார்மோனைக் கலந்து குஞ்சுகளுக்கும் பெண் மீன்களுக்கும் நிறம் வரவழைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நிறம் வீட்டுக்கு வந்தபின் நிற்காது, பல மீன்கள் இனப்பெருக்கமும் செய்யாது. நம் ஆறுகளில் வாழும் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பது அதைவிடக் கொடுமை. சாயம் சில மாதங்களில் மங்கிவிடும், ஊசி தந்த காயத்தில் எத்தனையோ மீன்கள் அதற்கு முன்பே செத்துப்போகின்றன. சாதாரண கப்பி வாங்கப் போனால் பெண் மீனைப் பாருங்கள். உடம்பு மங்கிய சாம்பலாக இருந்தால் அதுதான் இயல்பு. விரற்கடை அளவுகூட வளராத குஞ்சுகள் எல்லாமே முழு நிறத்தில் மின்னினால், எந்தத் தீனி போட்டார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். வணக்கம்.