பெரும்பான்மை இல்லாத ஓர் ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1991 என்று சொன்னால் நம் ஊரில் பெரும்பாலோருக்கு மே 21தான் நினைவுக்கு வரும். பொருளாதாரம் படித்தவர்கள் ஜூலை 24 என்பார்கள். காவிரிப் பாசனத்துக்காரர்களைக் கேட்டால் ஜூன் 25 என்று சொல்லக்கூடும். மூன்று நாள்களும் இரண்டு மாதச் சொச்சத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு முதலில் படுவது வேறொன்று. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, தன் சொந்தக் காலில் நிற்கும் பெரும்பான்மை கொண்ட அரசு டெல்லியில் ஒருநாள்கூட இருக்கவில்லை. இன்றைக்கும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பல விஷயங்கள் அந்த ஆண்டில்தான் முடிவாயின.

ஆண்டு பிறந்தபோது பிரதமர் சந்திரசேகர். கையில் அறுபது சொச்சம் எம்.பி.க்கள். ஏறத்தாழ இருநூறு பேரை வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தது. தாங்குகிறவர் தாங்கப்படுகிறவரைப்போல மூன்று மடங்கு என்றால் யார் பேச்சு எடுபடும்? ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. ஆட்சியைக் கலைக்கலாம் என்று அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்துவிட்டார். அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவில், ஆளுநரின் அறிக்கை பெற்றோ 'வேறு வகையிலோ' என்று இரண்டு சொற்கள் உண்டு. அந்த இரண்டு சொற்களே போதுமாக இருந்தன.

ஐந்து வாரம் கழித்து அதே காங்கிரஸ், ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று புகார் எழுப்பியது. மார்ச் 6 அன்று சந்திரசேகர் ராஜினாமா செய்தார். முழு பட்ஜெட் அதற்கு முன்பே போயிருந்தது. மார்ச் 4 அன்று நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹாவால் இடைக்கால பட்ஜெட்தான் போட முடிந்தது.

அது போகக்கூடாத நேரத்தில் போனது. குவைத்தில் சதாம் உசேன் நுழைந்ததும் கச்சா எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் வேலை பார்த்த நம் ஆட்கள் லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்துவிட்டார்கள்; அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள். எஞ்சிய அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும். பட்ஜெட்கூடப் போட முடியாத நாட்டுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

வீட்டில் முடை வந்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் நாடும் செய்தது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 டன்னை ஸ்டேட் வங்கி வழியாக, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்து வங்கியிடம் விற்றார்கள். சுமார் 20 கோடி டாலர் கிடைத்தது. இது மே மாதம் நடந்தது. ராஜினாமா செய்துவிட்டுக் காபந்து அரசாக இருந்தவர்கள் செய்த வேலை இது. தேர்தல் நேரத்தில் 'தங்கத்தை விற்ற ஆட்சி' என்ற பெயர் வரும் என்று தெரிந்தே செய்தார்கள். சீர்திருத்தக் கதையைச் சொல்பவர்கள் ஜூலையிலிருந்து தொடங்கி, சந்திரசேகரையும் சின்ஹாவையும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

மே 20 முதல் கட்ட வாக்குப்பதிவு. மறுநாள் இரவு பத்தே கால், பத்தரை மணிவாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தேர்தல் ஆணையர் சேஷன் மீதி வாக்குப்பதிவை ஜூன் நடுவுக்குத் தள்ளிவைத்தார். தேர்தலிலேயே நிற்காமல், அரசியலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பத் தயாராக இருந்த நரசிம்ம ராவ், ஜூன் 21 அன்று பிரதமரானார். அவருக்கும் பெரும்பான்மை இல்லை. நவம்பரில் நந்தியால் இடைத்தேர்தலில் ஜெயித்த பிறகுதான் அவர் எம்.பி. அதிலும், தெலுங்கர் ஒருவர் பிரதமராகியிருக்கிறார் என்பதற்காக என்.டி.ராமராவ் தன் கட்சி சார்பில் யாரையும் நிறுத்தவில்லை. இன்றைய அரசியலில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஜூலை முதல் வாரத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைக்கத் திட்டம். ஜூலை 1 அன்று சுமார் 9 சதவீதம் குறைத்தார்கள். நாடு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு, 3ஆம் தேதி மேலும் 11 சதவீதம். முதல் தவணைக்கே எழுந்த கூச்சலில் ராவுக்குக் கலக்கம். இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். நிதியமைச்சர் மன்மோகன் சிங், பம்பாயில் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி.ரங்கராஜனைத் தொலைபேசியில் பிடித்தார். "நான் குதித்தாகிவிட்டது" என்று பதில் வந்தது. அறிவிப்பு அதற்குள் வெளியாகியிருந்தது. டாலருக்கு 21 ரூபாயாக இருந்தது மூன்றே நாளில் 26ஐத் தொட்டது. அந்தத் தொலைபேசி அழைப்பு ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

அதே நாள்களில் ரிசர்வ் வங்கி தன் சொந்தத் தங்கத்தையும் எடுத்தது. சுமார் 47 டன். இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு, 40 கோடி டாலர் கடன். 'தங்கம் எங்கள் பெட்டகத்திலேயே இருக்கட்டும், காகிதத்தில் அடகு எழுதிக்கொள்ளுங்கள்' என்றால் லண்டன்காரர்கள் ஒப்பவில்லை. சரக்கு வந்து சேர வேண்டும் என்றார்கள். தவணை தவணையாக விமானத்தில் போயிற்று. வங்கியிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் ஒரு வண்டி டயர் வெடித்து நடுத்தெருவில் நின்றது என்று ஒரு கதை உண்டு. ரகசியமாகச் செய்த காரியம் இந்தியன் எக்ஸ்பிரஸில் செய்தியாக வந்துவிட்டது. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் நாகர்கோவில்காரரான எஸ்.வெங்கிடரமணன். தாலியைத் தவிர எல்லாம் போயிற்று என்று மக்கள் பேசிய பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டவர்.

ஜூலை 24. பட்ஜெட் உரைக்குச் சில மணி நேரம் முன்பு, தொழில்துறை இணையமைச்சர் பி.ஜே.குரியன் எழுந்து ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்தார். 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது அதன் சாரம். நாற்பதாண்டு ஏற்பாடு அத்தோடு தீர்ந்தது. தொழில் துறை பிரதமரின் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் எழுந்து பேசவில்லை. சத்தமில்லாமல் செய்வது ராவின் வழி. மாலையில் பட்ஜெட் வந்ததும் எல்லோரும் உர விலையைப் பிடித்துக்கொண்டார்கள். 40 சதவீத உயர்வு. காங்கிரஸ் எம்.பி.க்களே கொதித்தார்கள். இரண்டு வாரத்தில் அது 30 சதவீதமாகி, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. ஆட்சி ஆட்டம் கண்டிருந்ததால்தான் அந்தக் குரல் காதில் விழுந்தது என்பேன்.

செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்கள் சட்டம் நிறைவேறியது. 1947 ஆகஸ்ட் 15 அன்று எந்த வழிபாட்டிடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், அயோத்தி மட்டும் விலக்கு. அந்தச் சட்டத்தைப் பற்றிய வழக்கு இன்றும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. சட்டம் போட்ட அதே அரசு, மறு ஆண்டு டிசம்பரில் அயோத்தியில் மசூதி இடிந்ததைத் தடுக்கவில்லை. உறுதியில்லாத அரசை நான் புகழ்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேயர்கள் இதையும் சேர்த்து எடை போடவேண்டும்.

கடைசியாகக் காவிரி. ராவ் பதவியேற்ற நான்காம் நாள், ஜூன் 25 அன்று, நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். கர்நாடகம் எதிர்த்து ஓர் அவசரச் சட்டம் போட, உச்ச நீதிமன்றம் நவம்பரில் அது செல்லாது என்றது. டிசம்பரில் மத்திய அரசு உத்தரவைக் கெசட்டில் வெளியிட்டது. பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்கள் குடியிருந்த இடங்களில் தீ வைத்தார்கள், உயிர்கள் போயின. குடும்பம் குடும்பமாக எல்லை தாண்டி ஓசூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கெசட்டில் அச்சடிக்க டெல்லிக்கு முடிந்தது. தெருவில் நின்றவர்களுக்கு அந்தக் காகிதம் காவலாக இல்லை. சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு என்ற பதிலைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வணக்கம்.