அமெரிக்கப் பழங்குடிக்கும் நமக்கும் ஒரே சொந்த முறையா? பதில் அத்தை மகளிடம் இருக்கிறது

[திரையில்: நியூயார்க் மாநில வரைபடம். பின்னணியில் ஒரு சிறுவன் கூப்பிடும் குரல்.]

நியூயார்க் மாநிலத்தில் செனெகா என்றொரு பழங்குடி. அந்த மொழியில் ஒரு பையன் அப்பாவை ‘ஹாநி’ என்று கூப்பிடுவான். அப்பாவின் அண்ணனும் ஹாநி, தம்பியும் ஹாநி. அம்மா ‘நோயே’. அம்மாவின் அக்காவும் தங்கையும் கூட நோயேதான். ஆனால் அம்மாவின் அண்ணனுக்கு முற்றிலும் வேறு சொல். அப்பாவின் தங்கைக்கும் வேறு சொல். அப்பாவின் தம்பி பிள்ளைகள் அவனுக்கு அண்ணன், தங்கை. அம்மாவின் அண்ணன் பிள்ளைகளோ அண்ணனும் இல்லை, தங்கையும் இல்லை, அவர்களுக்குத் தனிப்பெயர்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை. நம் வீட்டுக் கணக்கேதான்.

உடனே போனை எடுத்து, தமிழன்தான் அமெரிக்காவுக்கு முதலில் போனவன் என்று குடும்பக் குரூப்பில் ஃபார்வர்ட் போட்டுவிடாதீர்கள். கிட்டத்தட்ட அந்த ஃபார்வர்டை 1871-லேயே ஒரு அமெரிக்க வக்கீல் எழுதிவிட்டார். அதுவும் ஏறக்குறைய 600 பக்கத்துக்கு.

[திரையில்: லூயிஸ் ஹென்றி மார்கன், கறுப்பு வெள்ளைப் படம்.]

இவர்தான் அவர். லூயிஸ் ஹென்றி மார்கன். ராச்செஸ்டர் நகரத்து வக்கீல். ஈலி பார்க்கர் என்ற செனெகா நண்பர் வழியாக அந்த மக்களோடு பழகினார். (பார்க்கர் தனி வீடியோவுக்கு உரிய ஆள். 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் லீ சரணடைந்த ஒப்பந்தத்தைத் தன் கையால் எழுதியவர் அவர்.) செனெகாவின் உறவு முறை செனெகாவுக்கு மட்டுமே உரியது என்றுதான் மார்கன் முதலில் நினைத்திருந்தார். 1858-ல் ஓஜிப்வா என்ற வேறொரு மக்களைச் சந்தித்தார். மொழி துளியும் சம்பந்தமில்லை, முறை மட்டும் அதே முறை. மனிதருக்கு அதற்குப் பிறகு தூக்கம் இல்லை.

இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்து, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உதவியோடு உலகம் முழுக்க அனுப்பினார். ‘அப்பாவின் தங்கை மகனை எப்படி அழைப்பீர்கள்?’ என்ற ரகத்தில் பக்கம் பக்கமாகக் கேள்விகள். தமிழுக்கான படிவத்தை நிரப்பி அனுப்பியவர் வேலூரில் இருந்த மிஷனரி எசக்கியேல் ஸ்கட்டர். ஸ்கட்டர் என்றதும் வேலூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டரின் குடும்பமேதான். ஐடாவின் அப்பாவுக்கு இவர் அண்ணன். நம் மொழியில் பெரியப்பா என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அவர்கள் மொழியில் வெறும் அங்கிள்.

அங்கிள் என்றதும் ஒரு நிமிடம் நிற்கிறேன். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

[திரையில்: லத்தீன் உறவுச் சொற்கள் ஒவ்வொன்றாக.]

லத்தீனில் அப்பாவின் சகோதரர் ‘பாட்ரூஸ்’, அம்மாவின் சகோதரர் ‘அவுங்குலுஸ்’. அப்பாவின் சகோதரி ‘அமிதா’, அம்மாவின் சகோதரி ‘மாதெர்த்தெரா’. நாலு பேருக்கும் நாலு சொல், நம்மைப் போலவே. பழைய ஆங்கிலத்திலும் சித்தப்பாவுக்கு ஒரு சொல், மாமாவுக்கு ஒரு சொல் என்று தனித்தனியாகத்தான் இருந்தது. பிறகு பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டன. அங்கிள் வந்தது அவுங்குலுஸிலிருந்து. ஆன்ட்டி வந்தது அமிதாவிலிருந்து. அதாவது வேரைத் தோண்டினால் அங்கிள் என்றால் மாமா, ஆன்ட்டி என்றால் அத்தை. அபார்ட்மென்ட் லிஃப்டில் பார்க்கிற எல்லாரையும் நம் பிள்ளைகள் அங்கிள், ஆன்ட்டி என்கிறார்களே, அத்தனை பேரையும் மாமா, அத்தை ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் அந்த அபார்ட்மென்டில் கல்யாண மண்டபம் கட்டவேண்டிவரும்.

சரி, மார்கனிடம் வருவோம்.

தமிழ்ப் படிவத்தையும் செனெகா படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வரிக்கு வரி பொருந்தியது. இவ்வளவு சிக்கலான ஏற்பாடு இரண்டு இடங்களில் தற்செயலாக முளைக்காது, ஆகவே அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார். 1871-ல் புத்தகம் வந்தது. 1884-ல் கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ், குடும்பம் என்ற அமைப்பின் தோற்றம் பற்றி எழுதியபோது, தென்னிந்தியத் தமிழர்களும் நியூயார்க் செனெகாக்களும் இருநூறுக்கு மேற்பட்ட உறவுகளை ஒரே மாதிரி குறிக்கிறார்கள் என்று மார்கனை நம்பி எழுதினார். நம் ஊர்த் தோழர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

ஆனால் ஒரே ஓர் இடத்தில் இரண்டு படிவமும் பொருந்தவில்லை. மார்கனே அதைப் பார்த்தார், எழுதியும் வைத்தார். பெரிய கதையில் சின்ன ஓட்டை என்று தாண்டிப் போய்விட்டார். என்னைக் கேட்டால் அந்த 600 பக்கத்தில் உருப்படியான இடமே அந்த ஓட்டைதான்.

[திரையில்: குடும்ப மரம். நடுவில் ‘நீங்கள்’.]

ஒரு சோதனை. நீங்கள் ஓர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஓர் அத்தை மகள். நீங்கள் கட்டவில்லை, வேறு யாரோ கட்டிக்கொண்டார். அவளுக்கு ஒரு பையன் பிறக்கிறான். அந்தப் பையன் உங்களுக்கு என்ன முறை?

வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மருமகன் என்று சொன்னவர்கள் வீட்டுப் பாட்டியிடம் போய் நில்லுங்கள். “மருமகனா? நீ கட்டியிருக்க வேண்டியவடா அவ! அவ புள்ள உனக்கு மகன் முறை!” என்று ஓர் அதட்டல் விழும். அந்தப் பையனுக்கு நீங்கள் மாமா இல்லை. பெரியப்பா அல்லது சித்தப்பா. அத்தை மகளைக் கட்டியவர் உங்களுக்கு அண்ணன் தம்பி முறை.

அடுத்து அத்தை மகனை எடுத்துக்கொள்வோம். உங்கள் மச்சான். அவர் பிள்ளை உங்களுக்கு மருமகன், மருமகள். ஏன்? மச்சான் உங்கள் தங்கையைக் கட்டக்கூடியவர். தங்கை பிள்ளை மருமகன்தானே!

செனெகாவில் இது அப்படியே தலைகீழ். அத்தை மகனின் பிள்ளை ‘என் மகன்’. அத்தை மகளின் பிள்ளை மருமகன். அவன் ஆண், நானும் ஆண், ஆகவே அவன் பிள்ளை என் பிள்ளை. அவள் பெண், ஆகவே அவள் பிள்ளை எனக்கு வேறு. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. யார் யாரைக் கட்டியிருக்கலாம் என்ற கேள்வியே அதில் கிடையாது. காரணம், மாமா மகள், அத்தை மகளைக் கட்டுவது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. அவர்களிடம் தாய்வழிக் குலங்கள் எட்டு. ஓநாய், கரடி, ஆமை என்று பெயர்கள். குலம் விட்டுக் குலம் கட்டவேண்டும் என்பதுதான் விதி.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. செனெகாவில் மாமனார், மாமியாருக்குத் தனிச் சொல் இருக்கிறது. நம் வீட்டில்? கல்யாணத்துக்கு முதல்நாள் வரை அம்மாவின் அண்ணன் மாமா. பெண் கொடுத்த மறுநாளும் அதே மாமா. சொந்தமே இல்லாத வீட்டில் பெண் எடுத்தாலும் பெண்ணின் அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும்தான் கூப்பிடுகிறோம். கட்டிய பிறகு, அவர்கள் ஏற்கெனவே மாமா, அத்தையாக இருந்த மாதிரி முறையைச் சரிசெய்துகொள்கிறோம். சூப்பர் இல்லையா? (சொந்தத்தில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் மருத்துவ விஷயம் வேறு வீடியோ.)

1949, 1950-ல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கியிருந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். மாமாவை ‘அம்மாவின் சகோதரர்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதி போய்விடும், அவர் அப்பாவின் மச்சான் என்றார் அவர். அப்பாவுக்கு மச்சானாக இருந்த சம்பந்தம் அடுத்த தலைமுறைக்கு மாமாவாக இறங்குகிறது. நம் சீர்வரிசைத் தட்டுகள் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன. அப்புறம் 1964-ல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி என்ற மொழியியலாளர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்: செனெகா முறை வேறு, தமிழ் முறை வேறு, மேலே பார்த்தால்தான் ஒன்று.

அப்படியானால் மார்கனின் ஆசியக் கதை? மனிதர்கள் ஆசியாவிலிருந்து அமெரிக்கா போனது உண்மை. அதற்கு மாமா, அத்தை சாட்சி இல்லை. நம் முறையை ஒத்த முறை அமேசான் காட்டிலும் இருக்கிறது, பிஜியிலும் இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் வேலூரிலிருந்து போகவில்லை. நம் முறை உண்மையாகவே பக்கத்து வீட்டுக்குப் போனது என்றால் அது சிங்களத்துக்குத்தான். மொழிக் குடும்பம் வேறு, ஆனால் மச்சானை அவர்கள் ‘மஸ்ஸினா’ என்கிறார்கள்.

[திரையில்: கேள்வி, பெரிய எழுத்தில்.]

போகும் முன் வீட்டுப்பாடம். உங்கள் அப்பாவின் அத்தை மகனுக்கு ஒரு மகள். செனெகா கணக்கில் அவள் உங்களுக்குத் தங்கை. நம் கணக்கில் என்ன முறை? காரணத்தோடு கமென்ட்டில் எழுதுங்கள். பாட்டியிடம் கேட்டு எழுதினால் மார்க் குறைக்க மாட்டேன். பாட்டியின் ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.