பெயின்றுக்கு அடியில் பிடிக்கும் கறள்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலம் 1924இல் கட்டியது. கீழே வாவியின் உவர்நீர், கூப்பிடு தூரத்தில் கடல். இந்த உப்புக்காற்றில் ஓர் இரும்புப் பாலம் இத்தனை காலம் நிற்பதே பெரிய காரியம்.

எந்த இரும்பிலும் பெயின்ற் கொப்பளித்து, நகத்தால் தட்டியதும் பொருக்காக உதிர்ந்தால், கறள் உள்ளே பிடித்து வெகுநாளாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னரே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: மின்மறிப்பை, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதை அளப்பது.

பெயின்றின் மேல் ஒரு குழாய்த்துண்டை நீர் கசியாமல் ஒட்டி, அதற்குள் உப்புநீர் ஊற்றுவோம். நீருக்குள் இரண்டு மின்வாய்கள். மூன்றாவது அந்த இரும்பேதான். பிறகு 10 மில்லிவோல்ற் அளவில் ஆடலோட்ட அழுத்தம், அதாவது திசை மாறி மாறி வரும் மின்னழுத்தம், கொடுப்போம். டோர்ச் பற்றரி தருவதில் நூற்றிலொரு பங்குகூட இல்லை. அதனால் இரும்புக்கு ஒரு கேடும் வராது. அதே இடத்தை அடுத்த வருடமும் அளக்கலாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான்.

செக்கனுக்கு ஒரு லட்சம் சுற்றில் தொடங்கி, ஒரு சுற்று முடிய 100 செக்கன் எடுக்கும் வரை மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை சுற்று என்பதை, குறைத்துக்கொண்டே போவோம். உயர்ந்த மீடிறனில், பெயின்றுக்குள் நீர் ஊறியிருக்கிறதா என்று தெரியும். கறளின் கதை தெரிவது தாழ்ந்த மீடிறனில்தான். அங்கே அவசரப்படக் கூடாது. நல்ல தடித்த எபொக்சிப் பூச்சு ஒரு சதுர சென்ரிமீற்றரில் 100 கோடி ஓமுக்கு (ஓம் என்பது தடையை அளக்கும் அலகு) மேல் காட்டும். அது 10 லட்சத்துக்கு இறங்கிவிட்டால், வெளியே பளபளவென்று இருந்தாலும் அந்தப் பூச்சை நம்ப முடியாது.

சரி, கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி? சீமெந்தின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைக் காத்துவைக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு ஊறிப்போய் அதைக் குலைத்துவிடும். கறள் இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் கடைசியில் கொங்கிரீட்டே வெடிக்கும். இங்கும் தாழ்ந்த மீடிறனில் தடை குறையக் குறைய, கம்பி வேகமாகக் கரைகிறது என்று கொள்ளலாம். இந்தத் தொடர்பை 1957இல் ஸ்டேர்ன், கீரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிக் காட்டினார்கள்.

ஆனால் அளப்பதற்குக் கம்பியோடு ஒரு மின் இணைப்பு வேண்டும். கட்டி முடித்த பிறகு கொங்கிரீட்டை உடைத்துத்தான் கம்பியைத் தொடலாம். ஆகவே கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடலோரமாகப் பாலமோ பாடசாலையோ கட்டுகிறவர்கள், கொங்கிரீட் போடுமுன் கம்பியிலிருந்து ஒரு வயரை வெளியே விட்டுவையுங்கள். முதல் அளவையும் அந்த வருடமே எடுத்துக் குறித்துவையுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வரும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது?