மணியோசைக்கு விழித்த வீடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இசம்பார்டு கிங்டம் புருனெல் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் பெயரைப் பொறியியல் படித்த நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெயரின் நடுவே நிற்கும் ‘கிங்டம்’ அவருடைய தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர். மகனுக்கு அப்பெயரைச் சேர்த்து வைத்த தந்தை மார்க் புருனெலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1769-இல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்த மார்க், புரட்சிக் காலத்தில் மன்னரின் பக்கம் நின்றதால் 1793-இல் அமெரிக்காவுக்குத் தப்பியோட நேர்ந்தது. ரூவென் நகரில் பிரெஞ்சு கற்க வந்திருந்த சோபியா கிங்டம் என்னும் ஆங்கிலப் பெண்ணிடம் அதற்குள் மனத்தைக் கொடுத்திருந்தார். அந்நிய நாட்டவர் என்று பிடிக்கப்பட்ட சோபியா, சிறையாக மாற்றப்பட்ட கன்னிமாடம் ஒன்றில் அடைபட்டுக் கிடந்து, 1794-இல்தான் வெளியே வந்தார். ஆறாண்டுகள் இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை. 1799-இல் மார்க் இங்கிலாந்துக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் இலண்டனில் திருமணம் நடந்தது.

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்களுக்கான கப்பிகளைச் செய்ய அவர் வடிவமைத்த இயந்திரங்களைக் கொண்டு, 110 கைவினைஞர்களின் வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தார்கள். ஆனால் கணக்கு வழக்கில் அவர் கெட்டிக்காரர் அல்லர். மரம் அறுக்கும் ஆலை தீக்கிரையாயிற்று; நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்ததும் படைவீரர்களுக்காக அவர் செய்த காலணிகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. 1821-இல் கடனுக்காகச் சிறை சென்றபோது சோபியாவும் உடன் சென்று அங்கேயே தங்கினார். மார்க் ரஷ்யாவுக்குப் போய்விடக்கூடும் என்று அறிந்த அரசு, இங்கிலாந்திலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 5,000 பவுண்டு கொடுத்து அவரை மீட்டது.

நான்கே ஆண்டுகளில், 1825-இல், இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில், தென்கரை ரோதர்ஹித்திலிருந்து வடகரை வாப்பிங்குக்குச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு, தன் தலையிலுள்ள ஓட்டால் அரித்துக்கொண்டே போய், பின்னால் துளைக்குச் சுவர் பூசுவதை அவர் கூர்ந்து பார்த்திருந்தார். அந்தப் புழுவின் வேலையையே இரும்பில் வார்த்ததுதான், தோண்டுவோரைக் காத்து நிற்கும் பெரிய சட்டமான அவருடைய ‘கேடயம்’. 36 அறைகள், அறைக்கு ஒருவர். எதிரே ஈரமண்ணைத் தாங்கி நிற்கும் பலகைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு அப்பாலுள்ள மண்ணைச் சில அங்குலம் தோண்டி, பலகையை முன்தள்ளி முட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போக வேண்டும். எல்லாப் பலகைகளும் நகர்ந்தபின் கேடயத்தைத் திருகாணிகளால் முன்னே நகர்த்துவார்கள். பின்னால் கொத்தனார்கள் செங்கல் அடுக்கிக்கொண்டே வருவார்கள். இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே ஆறு இருமுறை உள்ளே பாய்ந்தது. 1828 ஜனவரியில் ஆறு தொழிலாளர்கள் மாண்டனர். அங்கே பொறுப்பிலிருந்த மகன் இசம்பார்டு பலத்த காயத்தோடு உயிர் தப்பினார். பணம் தீர்ந்து ஏழாண்டுகள் வேலை நின்று, 1835-இல் மீண்டும் தொடங்கியது.

அவருடைய வாழ்வில் என் மனம் தங்கிவிடுவது இந்தக் கடைசி ஆண்டுகளில்தான். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் சுரங்கத்துக்கு அருகிலேயே குடியிருந்தார். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கையறையில் மணி அடிக்கும். எழுந்து சன்னலருகே போய்க் கயிற்றை இழுத்தால், தோண்டிய இடத்து மண் ஒரு பெட்டியில் மேலே வரும். அதை விளக்கொளியில் பார்த்து, செய்ய வேண்டியதை எழுதிக் கீழே அனுப்புவார். மணியோசை அறையில் படுத்திருந்த இருவருக்கும் பொதுவல்லவா? சோபியாவும் அந்த இரவுகளிலெல்லாம் விழித்தார். தம் வெற்றி அனைத்தும் அவருக்கே கடன்பட்டது என்று முதுமையில் மார்க் எழுதியது வெறும் உபசாரம் என்று என்னால் கருத முடியவில்லை.

1843 மார்ச் 25 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது. இன்றும் அதில் தொடர்வண்டி ஓடுகிறது. 1849 டிசம்பரில் மார்க் காலமானார். சில ஆண்டுகள் கழித்துச் சோபியாவும் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அவரருகே சேர்ந்தார். வேலை முடிந்து மணி நின்றுபோன பிறகும் நெடுநாள் வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் இருவரும் தாமாகவே விழித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.